எதிர்முனை மறைந்துபோன கன்சோல் மோடம்களைச் சேகரிப்பது எப்படி?

தொடுப்பு28800 (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பழைய விளையாட்டுக் கன்சோல்களைச் சில ஆண்டுகளாகச் சேகரித்துவருகிறேன். கன்சோலையும் கார்ட்ரிட்ஜையும் சோதிப்பதில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை. செருகி, மின்சாரம் கொடுத்து, திரையில் படம் வந்துவிட்டால் பொருள் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அண்மையில் மொத்தமாக வாங்கிய ஒரு பெட்டியில் வந்த துணைக்கருவிகளுக்கு இந்தச் சோதனை பயன்படவில்லை.

செகா சாட்டர்னுக்கான நெட்லிங்க் மோடம் ஒன்று, நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாமின் அடியில் பொருந்தும் சாட்டெலாவியூ ஒன்று, அதை இயக்கும் பிஎஸ்-எக்ஸ் கார்ட்ரிட்ஜும் ஒரு மெமரி பேக்கும், செகாவின் மெகா டிரைவுக்கான மெகா மோடம் ஒன்று ஆகியவை அந்தப் பெட்டியில் இருந்தன. நெட்லிங்கைச் சாட்டர்ன் அடையாளம் கண்டுகொள்கிறது. ஆனால் யாரை அழைப்பது? மெகா மோடத்தை என் மெகா டிரைவில் செருகவே இடமில்லை. மெமரி பேக்கில் ஏதோ ஒரு விளையாட்டு இருப்பதாகப் பட்டியல் காட்டுகிறது; அதை அழித்துவிட்டு வேறு எதையாவது எழுதிப் பார்த்தால் பேக் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும் என ஒரு நண்பர் சொன்னார். செய்யலாமா?

இவற்றைப் பார்த்ததிலிருந்து மோடம்களையும் பிணையக் கருவிகளையும் மட்டுமே தனித் தொகுப்பாகச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆனால் சேவை நின்றுபோன கருவி ஒன்று ‘வேலை செய்கிறது’ என்று எதை வைத்துச் சொல்வது? தொலைபேசி இணைப்பே இல்லாத வீட்டில் மோடத்தை எப்படிச் சோதிப்பது? எதை முதலில் தேடுவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கம்பிமுனை:

முதலில் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெமரி பேக்கை அழிக்காதீர்கள். அதில் எதையும் எழுதாதீர்கள். உள்ளடக்கத்தைப் படியெடுக்கும்வரை பட்டியலைத் திறந்து பார்ப்பதைக்கூட நிறுத்திவையுங்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

எது அரிது என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘இந்தக் கம்பியின் மறுமுனையில் யார் இருந்தார்கள்?’ என்று ஒவ்வொரு கருவியையும் பார்த்துக் கேட்பது என் வழக்கம். எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எதைப் பத்திரப்படுத்துவது என்பதெல்லாம் அதற்குக் கிடைக்கும் பதிலிலிருந்தே தெளிவாகிவிடுகின்றன.

உங்கள் நெட்லிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1996-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் 199 டாலருக்கு வெளிவந்த, விநாடிக்கு 28,800 பிட் வேகமுள்ள மோடம். இணையத்தில் உலாவுவதற்கான வட்டு அதனுடன் வந்தது உண்மைதான். ஆனால் விளையாட்டு என்று வரும்போது அது எந்த நிறுவனத்தின் சர்வரையும் நம்பியிருக்கவில்லை. ஒரு சாட்டர்ன் இன்னொரு சாட்டர்னின் தொலைபேசி எண்ணை நேரடியாக அழைக்கும். மறுமுனையில் இருந்தது இன்னொரு நெட்லிங்க் மட்டுமே என்பதால், மூடுவதற்கு அங்கே சேவை என்று எதுவும் இருக்கவில்லை. இரண்டு நெட்லிங்க்குகளும் அவற்றுக்கு நடுவில் தொலைபேசி இணைப்பைப் போல நடிக்கும் ஏதாவது ஒன்றும் இருந்தால், அது இன்றும் அன்றுபோலவே இயங்கும். ஆதரிக்கும் விளையாட்டுகள் ஐந்துதான்: செகா ராலி, வர்ச்சுவல் ஆன், டேடோனா யூஎஸ்ஏ, சாட்டர்ன் பாம்பர்மேன், டியூக் நியூக்கெம் 3டி. இவற்றில் செகா ராலி, வர்ச்சுவல் ஆன், டேடோனா ஆகிய மூன்றுக்கும் நெட்லிங்க் பதிப்பு என்று தனி வட்டே உண்டு. கடையில் முதலில் வந்த சாதாரணப் பதிப்பை வாங்கி ஏமாறாதீர்கள்.

சாட்டெலாவியூவின் மறுமுனையில் இருந்ததோ ஒரு செயற்கைக்கோள். ஜப்பானில் செயின்ட் கீகா என்ற செயற்கைக்கோள் வானொலி நிறுவனத்தின் அலைவரிசையில் 1995 ஏப்ரல் 23 முதல் 2000 ஜூன் 30 வரை விளையாட்டுகள் குறித்த நேரத்தில் ஒளிபரப்பாயின. வானொலி நிகழ்ச்சியைப் போல, அந்த நேரத்தில் கருவியை இயக்கிக் காத்திருந்தவர்களுக்குத்தான் அவை கிடைத்தன. கிடைத்ததைச் சேமிக்க இருந்த ஒரே இடம் 8 மெகாபிட், அதாவது 1 மெகாபைட் கொள்ளளவுள்ள அந்த மெமரி பேக். கடையில் கார்ட்ரிட்ஜாக விற்கப்படாத விளையாட்டுகள் பல இப்படி ஒளிபரப்பாகி, யாரோ ஒருவருடைய பேக்கில் தங்கியதால் மட்டுமே இன்று பிழைத்திருக்கின்றன. சில விளையாட்டுகளை இத்தனை முறைதான் தொடங்க முடியும் என்ற வரம்பும் இருந்தது. விளையாடிப் பார்க்கும் ஆசையில் அந்த எண்ணிக்கையையும் வீணாக்கிவிடக் கூடாது. பட்டியலில் தெரியாத பகுதியில் முந்தைய ஒளிபரப்பின் எச்சம் இருக்கவும் வாய்ப்புண்டு. எனவே அந்தப் பெட்டியில் உண்மையிலேயே விலைமதிப்புள்ளது, யாரும் திரும்பிப் பார்க்காத அந்தச் சிறிய பேக்தான் என்பது என் கருத்து. பெரிய சாம்பல் நிறத் தளத்துக்கு இன்று கேட்க எந்த ஒளிபரப்பும் இல்லை.

அந்த ஒளிபரப்பில் பேக்குக்குள்ளும் அடங்காத ஒரு பகுதி இருந்தது. 1995 ஆகஸ்டில் நான்கு வாரங்களாக ஒளிபரப்பான செல்டா விளையாட்டில் கதைசொல்லியின் குரல் நேரலையாக ஒலிபரப்பானது. பேக்கில் பதிவானது விளையாட்டு மட்டுமே. குரல் காற்றோடு போய்விட்டது. அன்று தற்செயலாகத் தம் ஒளிப்பதிவுக் கருவியில் பதிந்துவைத்தவர்களால்தான் அதில் ஒரு பகுதியாவது இன்று கேட்கக் கிடைக்கிறது. ஆகவே இத்தகைய பெட்டிகளில் எழுத்தில்லாத ஒளிநாடாக்கள் கிடந்தால் அவற்றையும் தூக்கி எறியாதீர்கள்.

மறுமுனையில் நிறுவனத்தின் கணினி இருந்த கருவிகளின் நிலைதான் பரிதாபமானது. 1983-இல் அட்டாரி 2600-க்காக வந்த கேம்லைன் அவற்றில் மூத்த ஒன்று. கார்ட்ரிட்ஜைப் போலச் செருகி, தொலைபேசிக் கம்பியை இணைத்தால் நிறுவனத்தின் கணினியை அழைத்து விளையாட்டை இறக்கித் தரும். இறக்கியது சில ஆட்டங்களுக்கு மட்டுமே செல்லும். அதை நடத்திய கன்ட்ரோல் வீடியோ நிறுவனம் விளையாட்டுச் சந்தையின் வீழ்ச்சியில் சிக்கி, அதன் மிச்சத்திலிருந்து குவாண்டம் என்ற நிறுவனம் உருவாகி, பின்னாளில் அதுவே அமெரிக்கா ஆன்லைன் ஆனது. இவ்வளவு பெரிய வரலாற்றின் தொடக்கம் அந்தச் சிறிய பெட்டியில் இருக்கிறது; ஆனால் இன்று அதை எதில் செருகினாலும் அழைக்க எண் இல்லை.

மெகா மோடத்தைப் பற்றி: உங்கள் மெகா டிரைவில் பழுது ஒன்றுமில்லை. தொடக்கக் காலத்து மெகா டிரைவ்களின் பின்புறத்தில் மட்டும் ‘எக்ஸ்ட்’ என்று பொறித்த ஒன்பது முனைப் போர்ட் ஒன்று இருக்கும். பின்னர் வந்தவற்றில் அதை நீக்கிவிட்டார்கள். 1990-இல் தொடங்கிய மெகாநெட் சேவைக்கான இந்த மோடம் அந்தப் போர்ட்டில்தான் பொருந்தும். எனவே கன்சோல் வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்த்துப் பயனில்லை; பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். அந்தச் சேவை வழியே இறக்கிக்கொள்ளப்பட்ட சிறு விளையாட்டுகளில் சில, ஃபான்டசி ஸ்டார் 2-இன் கதைமாந்தர்களைப் பற்றிய உரைவழிச் சாகசங்கள் உட்பட, பின்னர் மெகா-சிடி வட்டில் தொகுத்து வெளியிடப்பட்டன. மோடம் வழியாகவே எதிராளியுடன் ஆடுவதற்கென டெல்-டெல் ஸ்டேடியம், டெல்-டெல் மாஜாங் என்ற கார்ட்ரிட்ஜ்களும் வந்தன. உங்கள் தேடலை நான் அங்கிருந்து தொடங்குவேன்.


பெட்டியும்தாளும்:

கம்பிமுனை அவர்களின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ‘எதிர்முனை இல்லையென்றால் கருவி பரிதாபம்’ என்ற தொனியோடு உடன்பட முடியவில்லை. இயங்காத கருவியும் ஓர் ஆவணமே. அதைப் படிக்கத் தேவையானவை அதனுடன் வந்த தாள்கள். நான் மோடத்தைக் காட்டிலும் அதன் பெட்டியையும் விண்ணப்பப் படிவத்தையும் கட்டண அட்டவணையையும் தேடுபவன்.

ஓர் எடுத்துக்காட்டு. நின்டெண்டோ 1988-இல் நோமுரா பங்கு நிறுவனத்துடன் சேர்ந்து ஃபேமிகாமுக்கு ஒரு மோடத்தைக் கொண்டுவந்தது. விளையாட்டுக் கருவிக்கு வந்த மோடம் என்றவுடன் நாம் விளையாட்டைத்தான் நினைப்போம். அதன் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் எடுத்தால் தொலைபேசியில் உள்ளதுபோல எண் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஏனெனில் அது பங்கு விலை பார்க்கவும், வாங்கி விற்கவும், பின்னர் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டவும் பயன்பட்டது. பிள்ளைகளின் விளையாட்டுக் கருவியின் முன் பெரியவர்களை உட்காரவைக்க ஒரு நிறுவனம் எப்படிப் பேசியது என்பதை மோடத்தின் சர்க்யூட் பலகை உங்களுக்குச் சொல்லாது; கையேடும் விளம்பரத் தாளும் சொல்லும். அந்தத் தொகுதியில் தனிச் சேவைகளுக்கான சிறு அட்டைகளும் செருகப்பட்டன. அட்டை இல்லாத மோடம் முழுமையான பொருள் அல்ல.

இன்னொன்று, செகா சேனல். அமெரிக்காவில் 1994 இறுதியிலிருந்து 1998 வரை கேபிள் தொலைக்காட்சிக் கம்பி வழியே மாதக் கட்டணத்துக்கு விளையாட்டுகளை அனுப்பியது. இறங்கிய விளையாட்டு அடாப்டரின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். கன்சோலை அணைத்தால் போய்விடும். ஆகவே சாட்டெலாவியூ பேக்கில் தேடுவதுபோல இதில் எதையும் தேட முடியாது. அடாப்டரும் பெரும்பாலும் கேபிள் நிறுவனத்தின் உடைமை என்பதால் சந்தாவை நிறுத்தியபோது திருப்பிக் கொடுக்கப்பட்டது. கருவி என்று பார்த்தால் அது ஊமை. எனினும் சந்தாதாரர்களுக்கு மாதந்தோறும் சென்ற அறிவிப்புகள், எந்த மாதத்தில் எது கிடைத்தது என்பதற்குச் சான்று. என் தொகுப்பில் அடாப்டர் இல்லை, தாள்கள் இருக்கின்றன. அதில் எனக்குக் குறையில்லை.

ஒரு திருத்தமும் உண்டு. கருவிகளை மறுமுனையை வைத்துப் பிரிப்பது அழகாக இருக்கிறது, ஆனால் எக்ஸ்பேண்ட் அந்தப் பிரிவுக்குள் நிற்காது. 1994-இல் கேடபல்ட் நிறுவனம் ஜெனிசிஸுக்கும் (மெகா டிரைவின் அமெரிக்கப் பெயர்) அடுத்த ஆண்டு சூப்பர் நின்டெண்டோவுக்கும் (சூப்பர் ஃபேமிகாமின் அமெரிக்க வடிவம்) கொண்டுவந்த அந்த மோடம், முதலில் நிறுவனத்தின் சர்வரை அழைத்து எதிராளி ஒருவரைப் பெற்றுக்கொண்டு, அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு, பின்பு எதிராளியின் கன்சோலை நேரடியாக அழைத்தது. ஆட்டத்தின்போது இருவர் மட்டுமே. ஆட்டத்துக்கு முன்பு நடுவர் தேவை. விநாடிக்கு 2,400 பிட் மட்டுமே ஓடிய கம்பியில் சண்டை விளையாட்டுகள் எப்படி ஓடின என்று வியப்பவர்களுக்கு: படமோ ஒலியோ அனுப்பப்படவில்லை, இருவர் அழுத்தும் பொத்தான்கள் மட்டுமே பரிமாறப்பட்டன. அதிலும் அந்த விளையாட்டுகள் பிணையத்துக்காக எழுதப்பட்டவையே அல்ல. கார்ட்ரிட்ஜுக்கும் கன்சோலுக்கும் நடுவில் அமர்ந்து மோடம்தான் நிரலை இடைமறித்துத் திருத்தியது. இந்த வேலையை நான் இன்றும் மிகப் பெரிய கைத்திறனாக மதிக்கிறேன்.


ஈயமுனை:

எக்ஸ்பேண்ட் பேச்சு வந்ததால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அதனுள் பேட்டரியால் உயிரோடு வைக்கப்படும் நினைவகம் இருக்கிறது. பழைய உரிமையாளரின் பெயர், அமைப்புகள், சில வேளைகளில் அவருக்கு வந்த மின்னஞ்சல்கள்கூட அதில் எஞ்சியிருக்கலாம். பேட்டரியை நேராகக் கழற்றினால் எல்லாம் அழிந்துவிடும். முதலில் படியெடுக்க வேண்டும். படியெடுத்தபின் அதை அப்படியே பொதுவெளியில் போட்டுவிடவும் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் தன் நண்பனுக்கு எழுதிய கடிதம் அது. நிரலைப் பகிருங்கள், கடிதத்தைப் பகிராதீர்கள்.

தொலைபேசி இணைப்பு இல்லாமல் சோதிக்கும் கேள்விக்கு வருகிறேன். இரண்டு மோடம்களை ஒரு தொலைபேசிக் கம்பியால் நேராக இணைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நடக்காது. உண்மையான தொலைபேசிக் கம்பியில், யாரும் பேசாதபோது சுமார் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். ரிசீவரை எடுத்ததும் அது பத்து வோல்ட்டை ஒட்டி இறங்கி, கம்பியில் மின்னோட்டம் பாயும். அந்த மின்னோட்டம் இருந்தால்தான் பல மோடம்கள் இணைப்பு இருப்பதாகவே ஒப்புக்கொள்ளும். அதன்பின் டயல் டோன் கேட்க வேண்டும், மறுமுனையில் மணி அடிக்க வேண்டும். வெறுங்கம்பியில் இவை எதுவும் இல்லை.

மிக எளிய மாற்று, கம்பியின் இரு இழைகளில் ஒன்றை வெட்டி 9 வோல்ட் பேட்டரி ஒன்றையும் ரெசிஸ்டர் ஒன்றையும் தொடராகச் சேர்ப்பது. மின்னோட்டம் கிடைத்துவிடும், டயல் டோனும் மணியும் கிடைக்காது. டயல் டோனுக்குக் காத்திருக்காமல் அழைக்கும்படி மோடத்துக்குக் கட்டளையிட முடிகிற இடங்களில் இது போதும். செகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்குப் பலரும் பயன்படுத்தும் ட்ரீம்பை இந்த வழியிலிருந்து வளர்ந்ததுதான்: ராஸ்பெரி பை என்ற சிறு கணினி ஒன்று, யூஎஸ்பி மோடம் ஒன்று, தேவைப்பட்டால் மேற்சொன்ன மின்னழுத்தச் சுற்று. டயல் டோனை அந்த யூஎஸ்பி மோடமே ஒலிக்கச் செய்கிறது; ஆகையால் குரல் வசதியுள்ள மோடமாகப் பார்த்து வாங்க வேண்டும். கண்ணில் பட்ட முதல் மோடத்தை வாங்கிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று வருந்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் நெட்லிங்குக்கு நான் பரிந்துரைப்பது, இரண்டு தொலைபேசிகளை இணைக்க வசதியுள்ள இணையத் தொலைபேசி அடாப்டர் அல்லது பழைய அலுவலகங்களில் இருந்த சிறிய உள்ளகத் தொலைபேசி இணைப்பகம். இரண்டுமே டயல் டோனையும் மணியையும் மின்னோட்டத்தையும் தாமே தரும். அடாப்டர் என்றால் அமைப்புகளில் மூன்றைக் கவனியுங்கள். ஒலியைச் சுருக்காத ஜி.711 முறையை மட்டும் அனுமதியுங்கள். மனிதக் குரலுக்காகச் சுருக்கும் முறைகள் மோடத்தின் ஒலியைச் சிதைத்துவிடும். எதிரொலி நீக்கியை அணையுங்கள். தாமதத் தாங்கலை மாறாத அளவில் நிறுத்துங்கள். மணி அடிக்கும்போது கம்பியில் தொண்ணூறு வோல்ட்டை நெருங்கும் மாறுமின்னோட்டம் வரக்கூடும் என்பதால், அந்த வேளையில் திறந்த கம்பியைத் தொடாதீர்கள். தொட்டால் என்ன ஆகும் என்பது என் விரல்களுக்குத் தெரியும்.

மெமரி பேக் விஷயத்தில் கம்பிமுனை சொன்னதோடு சேர்த்து ஒன்று. அதனுள் இருப்பது ஃபிளாஷ் வகை நினைவகம்; பேட்டரி இல்லை என்பதால் நிம்மதி, ஆனால் ஃபிளாஷில் தங்கியிருக்கும் மின்னூட்டமும் என்றென்றைக்கும் நிலைப்பதல்ல. இன்று படிக்க முடிகிறது என்றால் இன்றே படியெடுங்கள். முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மட்டும் துடையுங்கள். தேய்த்து மெருகேற்றும் பசைகள் மெல்லிய தங்கப் பூச்சைச் சுரண்டிவிடும். மூன்று முறை தனித்தனியாகப் படியெடுத்து, மூன்று கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் பேக்கைக் கழற்றி மீண்டும் செருகுவது முக்கியம். ஒரே செருகலில் எடுத்த மூன்று படிகள் ஒரே தவற்றை மூன்று முறை காட்டக்கூடும்.

மின்சாரம் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. மொத்தப் பெட்டிகளில் அடாப்டர்கள் கலந்தே வரும். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ்-இன் அடாப்டர் 9 வோல்ட் மாறுமின்னோட்டம் தருவது. ஃபேமிகாமும் சூப்பர் ஃபேமிகாமும் எதிர்பார்ப்பது நடுமுனை எதிராக உள்ள 10 வோல்ட் நேர்மின்னோட்டம். முனை உள்ளே நுழைந்துவிடும், கருவி போய்விடும். மெகா டிரைவிலும் முதல் வடிவத்துக்கு நடுமுனை எதிர், இரண்டாம் வடிவத்துக்கு நடுமுனை நேர். ஒவ்வொரு அடாப்டரிலும் எந்தக் கருவிக்கு உரியது என்று எழுதி ஒட்டுவதில் செலவிடும் பத்து நிமிடம் வீணாகாது.


தொடுப்பு28800:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மெமரி பேக்கை உறையில் போட்டு மூடிவிட்டேன். படியெடுக்கும் கருவி வந்தபின்புதான் தொடுவேன்.

இடையில் இன்னொரு ஐயம். நின்டெண்டோவின் கேம்கியூபுக்கான பிராட்பேண்ட் அடாப்டர் என்று ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்ததை நம்பி வாங்கினேன். வந்தது மோடம். விற்றவர் தமக்கும் தெரியாது என்கிறார். அவரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை, ஏனெனில் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குமே முதலில் தெரியவில்லை. இவற்றைப் படத்தில் பிரித்தறிய வழி உண்டா? ட்ரீம்காஸ்ட்டிலும் இதே ஆபத்து உண்டா?


கம்பிமுனை:

உண்டு, இரண்டிலும் உண்டு. கேம்கியூபின் இரு அடாப்டர்களும் கன்சோலின் அடியில் ஒரே போர்ட்டில் பொருந்துபவை. வெளிக்கூடு ஒன்றேபோல இருக்கும். கம்பி செருகும் துளையைப் பாருங்கள். பிராட்பேண்டின் துளை அகலமானது, உள்ளே எட்டு முனைகள் வரிசையாகத் தெரியும். மோடத்தின் துளை தொலைபேசிக் கம்பிக்கு உரிய குறுகலானது. முத்திரையில் பிராட்பேண்டுக்கு 015 என்றும் மோடத்துக்கு 012 என்றும் முடியும் எண் இருக்கும். விற்பவர்கள் பெரும்பாலும் அழகான மேற்பக்கத்தையே படமெடுப்பார்கள். துளையும் முத்திரையும் தெரியும் படம் தராவிட்டால் வாங்காமல் விடுவதே நல்லது. மோடம் வந்ததற்காக வருந்தாதீர்கள்; ஃபான்டசி ஸ்டார் ஆன்லைனுக்கு அதுவும் உதவும். மரியோ கார்ட் டபுள் டேஷ், கர்பி ஏர் ரைடு, 1080 அவலாஞ்ச் ஆகியவற்றில் கன்சோல்களை உள்ளூரில் இணைத்து ஆட மட்டும் பிராட்பேண்ட் அடாப்டரே வேண்டும்.

ட்ரீம்காஸ்ட்டில் சிக்கல் சற்று நுட்பமானது. பக்கவாட்டில் கழற்றி மாட்டும் மோடம் நாட்டுக்கு நாடு வேறுபடும்: அமெரிக்காவில் 56 கிலோபிட், ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் 33.6 கிலோபிட். அதற்குப் பதிலாகப் பொருத்தும் பிணைய அடாப்டரில் இரண்டு வகை உண்டு. முத்திரையில் 0300 என்று முடிவது முந்தைய லேன் அடாப்டர், 0400 என்று முடிவது பிராட்பேண்ட் அடாப்டர். குவேக் 3, ஃபான்டசி ஸ்டார் ஆன்லைன் போன்ற விளையாட்டுகள் எதிர்பார்ப்பது இரண்டாவதை. முந்தையது ஜப்பானிய வலை உலாவிக்கு உதவும், அவ்வளவுதான். இரண்டுக்கும் ஒரே விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டியும்தாளும் அவர்களின் திருத்தத்தை ஏற்கிறேன். எக்ஸ்பேண்டை ‘நடுவர் தேவைப்படுபவை’ என்று தனியாக வைத்துக்கொள்கிறேன்.


பெட்டியும்தாளும்:

ஏற்றதற்கு நன்றி. இன்னும் ஒன்று மட்டும். நின்டெண்டோ 64-இன் 64டிடி வட்டு இயக்கியுடன் வந்த ராண்ட்நெட் மோடத்தைத் தனியாகப் பார்த்தால் வாங்கத் தோன்றும். அது 1999 டிசம்பர் முதல் 2001 பிப்ரவரி வரை மட்டுமே இயங்கிய சேவை. மோடம் கார்ட்ரிட்ஜ் வடிவில் இருக்கும், அதனுடன் ராண்ட்நெட் வட்டும் வேண்டும், வட்டைப் படிக்க 64டிடியும் வேண்டும். வட்டுகள் காந்தப் பூச்சு கொண்டவை. ஒலிபெருக்கிக்கு அருகில் அடுக்கிவைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். தனி மோடம் எதற்கும் உதவாது.


தொடுப்பு28800:

ஐந்து வாரங்கள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன்.

மெமரி பேக்கை மூன்று முறை படியெடுத்தேன். இரண்டாவது படி மற்ற இரண்டிலிருந்து வேறுபட்டது. முனைகளை மீண்டும் துடைத்து எடுத்தபின் எல்லாம் ஒத்துவந்தன. ஈயமுனை அவர்கள் கழற்றிச் செருகச் சொல்லியிருக்காவிட்டால் அந்த வேறுபாடு எனக்குத் தெரிந்தே இருக்காது. பட்டியலில் காட்டிய விளையாட்டு கோப்பின் முன்பாதியோடு முடிந்துவிடுகிறது. பின்பாதி வெறுமையாக இருக்கும் என்று எண்ணித் திறந்தால், வெறுமை சில இடங்களில் மட்டுமே. நடுநடுவே ஜப்பானிய எழுத்துக் குறியீடுகளும் படத்துண்டுகள்போலத் தோன்றுபவையும் இருக்கின்றன. அவை எதனுடையவை என்று ஒப்பிட்டுப் பார்க்க, இத்துறையில் படிகளைத் தொகுப்பவர்களிடம் கோப்பைக் கொடுத்திருக்கிறேன்.

நெட்லிங்கைச் சோதிக்க, அதே கருவி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம் சாட்டர்னோடு வந்தார். இரண்டு போர்ட் உள்ள அடாப்டரை நடுவில் வைத்தோம். முதல் முறை மணி அடித்தது, எடுத்தது, சில விநாடிகளில் அறுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. எதிரொலி நீக்கியை ஒரு போர்ட்டில் மட்டுமே அணைத்திருந்தேன் என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். மூன்றாம் முறை அடாப்டரின் இரு விளக்குகளும் அணையாமல் நின்றன. செகா ராலியில் என் காருக்குப் பக்கத்தில் அவருடைய கார் வந்து நின்றது. இருவரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தோம், இருந்தாலும் ‘தெரிகிறதா?’ என்று அவர் தொலைபேசியில் பேசுவதுபோலச் சத்தமாகக் கேட்டார்.

நான்காவது சுற்றில் என் சாட்டர்ன் உறைந்துபோனது. கார்ட்ரிட்ஜ் துளையில் நெட்லிங்க் சற்றே அசைந்ததுதான் காரணமாகத் தெரிகிறது, லேசாக அழுத்தியபின் அந்தச் சிக்கல் திரும்ப வரவில்லை. துளையின் முனைகளைச் சுத்தம் செய்வது போதுமா, அல்லது துளையையே மாற்ற வேண்டுமா?


ஈயமுனை:

முதலில் சுத்தம் செய்யுங்கள். சாட்டர்னின் கார்ட்ரிட்ஜ் துளை அதன் மிக மோசமான உறுப்பு. முனைகள் தளர்வதும் அழுக்கு சேர்வதும் சாதாரணம். நெட்லிங்கின் விளிம்பை ஆல்கஹாலால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் பத்து முறை மெதுவாகச் செருகி எடுங்கள், பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். செருகி எடுக்கும்போது கன்சோலின் மின்சாரம் அணைந்திருக்க வேண்டும். ஆடும்போது தொலைபேசிக் கம்பி மோடத்தை இழுக்காதபடி கம்பியைக் கன்சோலின் பின்புறத்தில் ஒட்டுநாடாவால் பிடித்துவையுங்கள். அசைவு பெரும்பாலும் அந்த இழுவையால் வருவதே. இவ்வளவும் செய்தபின்னும் உறைந்தால் துளையை மாற்றுவதைப் பற்றிப் பேசுவோம். அது நிறைய முனைகளைச் சாலிடர் நீக்கி எடுக்கும் வேலை, முதல் பயிற்சியாக உங்கள் சாட்டர்னில் செய்ய வேண்டாம்.